வெனிஸ், 1574: எங்கள் ரோல்பிளே குழுவில் சேர வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் சிலர் சேர்ந்து தமிழில் எழுதி ஆடும் வரலாற்று ரோல்பிளே இது. களம் வெனிஸ் நகரம். காலம் 1574 மார்ச் முதல் 1577 டிசம்பர் வரை. புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதி வைத்திருக்கிறோம். நீளமாகத்தான் இருக்கும், நிதானமாகப் படியுங்கள்.

ரோல்பிளே என்றால் என்ன? கதை எழுதுவதா, நாடகம் போடுவதா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கலந்தது. ஆளுக்கு ஒரு பாத்திரம். உங்கள் பாத்திரம் என்ன பேசுகிறது, என்ன செய்கிறது என்பதை நீங்கள் மட்டும்தான் எழுதுவீர்கள். அதற்கு மற்றவரின் பாத்திரம் எப்படிப் பதில் சொல்கிறது என்பதை அவர் எழுதுவார். கதை எங்கே போகும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஊரில் நடக்கும் பொதுச் சம்பவங்களை, அதாவது தீவிபத்து, திருவிழா, அரசு அறிவிப்பு போன்றவற்றை, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் எழுதுவார்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டிலிருந்துதான் இந்தப் பொழுதுபோக்கு உலகம் முழுக்கப் பரவியது. அதில் பகடை உண்டு. நாங்கள் பகடை உருட்டுவதில்லை. மாயமந்திரமும் கிடையாது. எங்களுக்குப் பகடையின் இடத்தில் இருப்பது வெனிஸ் நகரத்தின் சட்டமும் வழக்கமும்தான்.

ஏன் வெனிஸ்? அதிலும் ஏன் இந்த நான்கு வருடம்?

வெனிஸில் யாரும் யாரிடமிருந்தும் விலகி வாழ முடியாது. தீவுகளால் ஆன ஊர். பிரபுவும் படகோட்டியும் ஒரே குறுகிய சந்தில்தான் எதிரெதிரே வர வேண்டும், ஒரே பாலத்தைத்தான் கடக்க வேண்டும். பல பாத்திரங்களை ஒருவரோடு ஒருவர் மோத வைக்க இதைவிட வசதியான ஊர் கிடைக்காது.

அடுத்தது காலம். 1571 ஆகஸ்டில் சைப்ரஸ் தீவின் ஃபமகுஸ்தா கோட்டை துருக்கியரிடம் விழுந்தது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று லெபாந்தோ கடற்போரில் வெனிஸும் கூட்டாளிகளும் பெரிய வெற்றி பெற்றார்கள். ஆனாலும் 1573 மார்ச்சில் வெனிஸ் சைப்ரஸை விட்டுக்கொடுத்து சமாதானம் செய்துகொண்டது. எங்கள் ஆட்டம் அதற்கு அடுத்த ஆண்டு தொடங்குகிறது. ஊரில் போரிலிருந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள், சைப்ரஸிலிருந்து ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள், போரில் பிள்ளையை இழந்த தாய் இருக்கிறாள், ‘ஜெயித்துவிட்டு ஏன் விட்டுக்கொடுத்தோம்’ என்று புலம்பும் வியாபாரி இருக்கிறான்.

1574 மே 11 அன்று குடியரசின் ஆட்சி நடக்கும் அரண்மனையில் தீப்பிடித்து செனட் கூடும் அறைகள் எரிந்தன. புகை வாசம் அடங்குவதற்குள், ஜூலையில், பிரான்சின் அரசுரிமை கிடைத்து போலந்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மூன்றாம் ஹென்றி விருந்தாளியாக வந்தார். அவரை வரவேற்க லீடோ கரையில் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வடிவமைத்த தோரண வளைவு நின்றது, அதில் ஓவியம் தீட்டியவர்கள் தின்தொரெத்தோவும் வெரொனேசும். மன்னர் கா ஃபோஸ்காரி மாளிகையில் தங்கினார். கப்பல் கட்டும் ஆர்செனலில் அவர் பார்க்கப் பார்க்க ஒரு போர்க்கப்பலைப் பூட்டி முடித்துக் காட்டினார்கள். 1575-இல் கொள்ளைநோய் நுழைகிறது. 1577 டிசம்பர் 20 அன்று அரண்மனை மறுபடி எரிகிறது, பிரபுக்கள் கூடும் பெருஞ்சபை மண்டபமும் அதிலிருந்த பெல்லினி, டிஷியன் ஓவியங்களும் சாம்பலாகின்றன. அந்தத் தீயோடு எங்கள் ஆட்டம் முடியும். நான்கே வருடத்தில் இத்தனையும் நடந்த ஊர் இது.

தமிழில் ஆடுகிறோம். மதுரையையோ தஞ்சாவூரையோ எடுத்துக்கொள்ளலாமே?

அப்படி ஆடுபவர்கள் ஆடட்டும், நல்ல விஷயம்தான். எங்களுக்குப் பிடித்தது இந்த ஊர். நமக்குப் பழக்கமில்லாத ஊரில் ஒவ்வொரு சின்ன விஷயத்தையும் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் எழுத முடியும், அந்த விசாரிப்பே பாதி சந்தோஷம்.

இன்னொன்றும் உண்டு. செசாரே ஃபெதரீச்சி என்ற வெனிஸ் வியாபாரி 1563-இல் கிழக்கே கிளம்பி 1581-இல்தான் ஊர் திரும்பினார். விஜயநகரம் பார்த்தார், நாகப்பட்டினமும் மயிலாப்பூர்ப் பக்கத்து சாந்தோமும் அவர் எழுத்தில் வருகின்றன. சாந்தோம் கரையில் அலையைத் தாண்டிச் சரக்கு இறக்கும் படகுகளின் பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருந்ததை அவர் குறித்து வைத்திருக்கிறார். குமரிமுனைக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த முத்துக்குளிப்பையும் விரிவாகச் சொல்கிறார். எங்கள் ஆட்டம் நடக்கும் வருடங்களில் அவர் இன்னும் கிழக்கில்தான் இருக்கிறார், அவர் எழுதியது அச்சானது 1587-இல். ஆகவே உங்கள் பாத்திரம் நாகப்பட்டினத்தைப் பற்றி அறிந்து பேச முடியாது. ஆனால் கிழக்கே போன கணவனின் கடிதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் மனைவியாக ஒருவர் ஆடலாம். எங்களிடம் அப்படி ஒரு பாத்திரம் இருக்கிறது, அவளை ஆடுபவர் அருமையாக எழுதுகிறார்.

நான் டோஜேவாக ஆடலாமா? இல்லை, ஒரு பெரிய பிரபுவாக?

டோஜே என்பவர் வெனிஸ் குடியரசின் ஆயுள்காலத் தலைவர். அந்தப் பாத்திரம் யாருக்கும் கிடையாது, கேம் மாஸ்டரின் கையில்தான் இருக்கும். 1577 ஜூன் வரை அல்விசே மொசெனீகோ, அவர் இறந்த பிறகு லெபாந்தோவின் தளபதி செபாஸ்தியானோ வெனியர்.

பிரபுவாக ஆடலாம். ஆனால் அதில் சுதந்திரம் இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பிரபுக்களின் பிறப்பு தங்கப் புத்தகம் எனும் பதிவேட்டில் ஏற வேண்டும். பெருஞ்சபையில் உட்கார 25 வயது ஆக வேண்டும். டிசம்பர் 4, புனித பார்பரா நாளில் நடக்கும் குலுக்கலில் தங்கப் பந்து எடுக்கும் இளைஞனுக்கு மட்டும் முன்னதாகவே இடம் கிடைக்கும். சபைக்கு அங்கி போட்டுத்தான் போக வேண்டும். கோண்டோலா படகை அலங்கரிக்கக்கூட 1562-இலிருந்து சட்டத் தடை உண்டு. வெளிநாட்டுத் தூதருடன் தனியாகப் பேசியது தெரிந்தால் அரசின் பாதுகாப்பைக் கவனிக்கும் பதின்மர் குழு விசாரிக்கும். டோஜேவுக்கு இன்னும் மோசம், அவருக்கு வரும் அரசுக் கடிதத்தைத் தனியாகப் பிரித்துப் படிக்கவும் முடியாது.

நான் இந்த ஆட்டத்தில் இத்தனை காலம் இருப்பதற்குக் காரணமே இதுதான். உங்கள் பாத்திரத்தால் எதைச் செய்ய முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள். கதை அங்கேதான் பிறக்கிறது. எல்லாம் முடிகிற பாத்திரத்துக்கு யாருடைய உதவியும் தேவைப்படாது, அதனால் அதனோடு சேர்ந்து ஆட மற்றவர்களுக்கும் வழியிருக்காது. கடன்பட்ட பிரபு, அடமானம் பிடிப்பவர், அந்தப் பிரபுவின் தங்கைக்குச் சீதனப் பத்திரம் எழுதும் நோட்டரி என்று மூன்று பேரை ஒரே பேட்டையில் வைத்தால் போதும், மாதக்கணக்கில் ஓடும்.

வேறு என்னென்ன பாத்திரங்கள் எடுக்கலாம்?

முதலில் பேட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஊரில் ஆறு பிரிவுகள்: சான் மார்கோ, கஸ்டெல்லோ, கன்னரேஜியோ, சான் போலோ, டோர்சோடூரோ, சாந்தா குரோச்சே. அதற்குள் எந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த தெரு என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கிணறு, உங்கள் பாதிரியார், உங்கள் வம்பளப்பு எல்லாமே அங்கேதான்.

கஸ்டெல்லோ என்றால் ஆர்செனல் தொழிலாளிகள். மரவேலை செய்பவர், கப்பலின் இடுக்குகளை அடைப்பவர், துடுப்பு செய்பவர், பாய் தைக்கும் பெண்கள். வேலை நேரத்தில் அவர்களுக்குத் தண்ணீர் கலந்த ஒயின் அரசு செலவில் கிடைத்தது. முரானோ தீவு என்றால் கண்ணாடி உலைகள். 1291-இலிருந்து உலைகள் அங்கேதான், தொழில் தெரிந்த ஆசான் ஊரைவிட்டு வெளியே போய்த் தொழில் செய்வது குற்றம். தப்பி ஓட நினைக்கும் கண்ணாடி ஆசான் என்பது பலர் விரும்பி எடுக்கும் பாத்திரம். ரியால்டோ என்றால் வட்டிக்கடை, மீன் சந்தை, ஜெர்மன் வியாபாரிகள் கட்டாயம் தங்க வேண்டிய பெரிய சத்திரம். அங்கே கல் பாலத்தை எழுதிவிடாதீர்கள்! அது 1588-க்குப் பிறகு கட்டியது, உங்கள் காலத்தில் நிற்பது மரப்பாலம்.

பாதிப் பேர் கவனிக்காத ஒரு வேலையைப் பரிந்துரைக்கிறேன். தண்ணீர்ப் படகுக்காரர். சுற்றிலும் உப்புத் தண்ணீர் இருக்கும் ஊரில் குடிநீருக்கு மழைதான் வழி. ஒவ்வொரு சதுக்கத்தின் கீழும் களிமண் பூசிய பெரிய குழி, அதில் மணல் நிரப்பி, நடுவில் கிணற்றுச் சுவர். மழைநீர் மணலில் வடிந்து கிணற்றில் ஊறும். கோடையில் வற்றிவிட்டால் பிரெந்தா ஆற்றிலிருந்து படகில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். கிணற்று மூடிக்குப் பூட்டு உண்டு, மணி அடித்துத் திறந்து விடுவார்கள். அந்த மணிக்கு வாளியோடு பேட்டையே கூடிவிடும். தண்ணீர்ப் படகுக்காரர் எந்தப் பேட்டைக்கும் போகலாம், எல்லார் வீட்டுக் கதையும் அவர் காதில் விழும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

பெண் பாத்திரத்துக்கு என்ன வாய்ப்பு இருக்கிறது?

நினைப்பதைவிட அதிகம். பெருஞ்சபையில் இடம் கிடையாது, உண்மை. ஆனால் சீதனம் பெண்ணின் சொத்து. கணவன் அதைப் பயன்படுத்தலாம், அவன் இறந்தால் அவளுக்குத் திரும்ப வர வேண்டும். பிரசவத்துக்கு முன் நோட்டரியைக் கூப்பிட்டு உயில் எழுதி வைப்பது பெண்களிடையே வழக்கம். யாருக்கு எதை எழுதினாள், யாரை விட்டுவிட்டாள் என்பதை வைத்தே ஒரு குடும்பத்தைக் கலக்கிவிடலாம். அச்சகத்தை நடத்தும் விதவை, பட்டு நெய்பவள், மருத்துவச்சி, விடுதிக்காரி என்று தொழில்களும் நிறைய. சீதனம் கட்டுப்படியாகாத பிரபுக் குடும்பங்கள் மகள்களை மடத்தில் சேர்த்தன. விரும்பாமல் துறவியானவளின் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் எத்தனையோ காட்சிகள் எழுதலாம்.

வெரோனிகா ஃபிராங்கோ இந்தக் காலத்தில் வாழ்ந்தவர். கணிகை, கவிஞர். 1574-இல் மூன்றாம் ஹென்றியைச் சந்தித்தார், 1575-இல் தன் கவிதைகளை அச்சிட்டார். அவரைப் பார்த்து நிறையப் பேர் கணிகைப் பாத்திரம் கேட்கிறார்கள். தருகிறோம், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வறுமையிலும் நோயிலும் வாழ்ந்தவர்கள் என்பது பாத்திரத்தில் தெரிய வேண்டும்.

ஆடை விஷயத்தில் ஒரு காட்சியைச் சொல்கிறேன், அப்படியே எடுத்துப் பயன்படுத்துங்கள். வீட்டுக் கூரைமேல் மரத்தால் ஆன ஒரு மேடை இருக்கும். வெயில் நேரத்தில் பெண்கள் அங்கே போய் உட்கார்ந்து, உச்சி இல்லாமல் விளிம்பு மட்டும் உள்ள தொப்பியை மாட்டி, முடியை அதன் ஓட்டை வழியாக வெளியே எடுத்து விளிம்பில் பரப்புவார்கள். பஞ்சை ஒரு திரவத்தில் நனைத்து முடியில் தடவித் தடவிக் காயவிடுவார்கள். முடி பொன்னிறமாக வேண்டும், முகம் கறுக்கக் கூடாது. இரண்டு பெண்கள் மணிக்கணக்கில் நகராமல் உட்கார்ந்திருக்கும் இடம், பக்கத்துக் கூரையில் யார் என்பதும் தெரியும். பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்?

டிஷியன் போன்ற நிஜ மனிதர்களை எடுக்கலாமா?

கூடாது. அவர்கள் கதையில் வரலாம், கேம் மாஸ்டர் எழுதுவார். உங்கள் பாத்திரம் டிஷியனின் பட்டறையில் வண்ணம் அரைக்கும் பையனாக இருக்கலாம். கன்னரேஜியோவில் அவர் வீடு, 1576 ஆகஸ்ட் 27 அன்று அவர் இறக்கும்வரை அங்கே வேலை உண்டு.

தேதி, நேரம் எப்படி?

வெனிஸில் புத்தாண்டு மார்ச் 1. நாம் 1575 பிப்ரவரி என்று சொல்வதை அவர்கள் 1574 பிப்ரவரி என்று எழுதினார்கள். கடிதமோ பத்திரமோ எழுதும்போது இதைக் கடைப்பிடியுங்கள்.

மணிக்கணக்கு அந்தி சாய்வதிலிருந்து தொடங்கும். ‘இரண்டு மணிக்கு வா’ என்றால் இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து. கோடையிலும் குளிரிலும் அந்தி வேறு என்பதால் மதியம் எத்தனை மணி என்பதும் மாறும். சான் மார்கோ கடிகாரக் கோபுரத்தின் முகப்பில் 24 மணியும் இருக்கிறது, அது 1499-இலிருந்தே ஓடுகிறது. இது குழப்பமாக இருந்தால் மணியைச் சொல்லாமல் மணியோசையைச் சொல்லுங்கள். மராங்கோனா எனும் பெரிய மணி வேலை தொடங்குவதையும் முடிவதையும் அறிவிக்கும். ஊர் முழுக்கக் கேட்கும்.

பணம்?

12 தெனாரி ஒரு சோல்தோ, 20 சோல்தி ஒரு லீரா, 6 லீராவும் 4 சோல்தியும் ஒரு டுக்காட். இந்த டுக்காட் பெரும்பாலும் கணக்குப் போடும் அளவு. தங்கக் காசு செக்கினோ, மூன்றரை கிராம் தங்கம், அதன் விலை கணக்கு டுக்காட்டைவிட மேலே போய்விட்டது. சீதனம் எந்தக் கணக்கில் என்று பத்திரத்தில் தெளிவாக எழுதாமல் விட்டால் இரண்டு குடும்பம் சண்டை போட அதுவே போதும். எங்கள் ஆட்டத்தில் ஒரு முறை போட்டார்கள், பிரமாதமாக இருந்தது.

சாப்பாடு?

தக்காளி, உருளைக்கிழங்கு, காபி மூன்றையும் மறந்துவிடுங்கள். மீன், ரொட்டி, ஒயின், பச்சைப் பட்டாணி போட்ட அரிசி, வினிகரிலும் வெங்காயத்திலும் ஊறிய மத்தி. காரத்துக்கு மிளகு.

முகமூடி போடலாமா? அந்தப் பறவை அலகு வைத்த மருத்துவர்?

திருவிழாக் காலத்தில் முகமூடி உண்டு. ஆனால் வெள்ளை முகமூடியும் கறுப்பு அங்கியும் முக்கோணத் தொப்பியுமாக நாம் படங்களில் பார்ப்பது பிற்காலத்து உடை. அலகு முகமூடி மருத்துவரும் 17-ஆம் நூற்றாண்டுக்காரர். இரண்டையும் நீக்கிவிடச் சொல்வோம். அரண்மனையையும் சிறையையும் இணைக்கும் பெருமூச்சுப் பாலமும் இன்னும் கட்டவில்லை.

பாத்திரங்கள் செந்தமிழில் பேச வேண்டுமா?

வேண்டாம். இயல்பான தமிழ் போதும். ஆனால் மரியாதை அளவு சரியாக இருக்க வேண்டும், வெனிஸில் அந்தஸ்து தெரிவது அதில்தான். படகோட்டி பிரபுவை ‘ஐயா’ என்பார், பிரபு அவரை ‘நீ’ என்பார். சம அந்தஸ்துக்காரர்கள் ஆணை ‘மெஸ்ஸேர்’, பெண்ணை ‘மடோன்னா’ என்று சேர்த்துக்கொள்ளலாம். ‘மச்சி’, ‘பாஸ்’ வேண்டாம்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும்?

ஒரு உதாரணம் காட்டுகிறேன். முதலில் தவறானது:

‘பியேரோ விடுதிக்குள் நுழைந்தான். கதரீனா அவனைக் கண்டதும் நடுங்கிப்போய், மிளகு மூட்டையில் மறைத்து வைத்திருந்த புத்தகங்களை எடுத்துக் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே வெளியேறினான்.’

கதரீனாவை வேறொருவர் ஆடுகிறார். அவள் நடுங்கினாளா, கொடுத்தாளா என்பதைச் சொல்ல பியேரோவை ஆடுபவருக்கு உரிமை இல்லை. அவர் இப்படி எழுதியிருக்கலாம்:

‘பியேரோ கதவைத் தட்டவில்லை. உள்ளே வந்து, ஈரத் தொப்பியை மேசைமேல் வைத்தான். “மடோன்னா, மிளகு மூட்டை வந்ததாகச் சொன்னார்கள். மிளகு இவ்வளவு கனக்குமா என்று படகுக்காரன் ஆச்சரியப்படுகிறான்.” உட்காரச் சொல்வாளா என்று பார்த்தபடி நின்றான்.’

இப்போது கதரீனா என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஒயின் ஊற்றலாம், கத்தியை எடுக்கலாம், உண்மையிலேயே மிளகுதான் என்று மூட்டையை அவிழ்க்கலாம். மற்றவருக்கு வேலை வைத்து முடிக்கும் பதிவே நல்ல பதிவு. நீளம் முக்கியமில்லை.

நான் வரலாறு படித்ததில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை. உங்கள் தொழிலும் உங்கள் பேட்டையும் தெரிந்தால் தொடங்கலாம், மீதியைக் கேளுங்கள். தெரியாததை ஊகித்து எழுதுவதைவிடக் கேட்பது எப்போதும் நல்லது. அதே நேரத்தில், விஷயம் தெரிந்தவர்கள் எல்லார் முன்னாலும் திருத்தி அவமானப்படுத்துவதை நாங்கள் அனுமதிப்பதில்லை. தனியாகச் சொல்லுங்கள்.

வரலாற்றை மாற்றலாமா?

பதிவான பெரிய சம்பவங்கள் மாறாது. அரண்மனை எரியும், கொள்ளைநோய் வரும், வெனியர் டோஜே ஆவார். டோஜே தேர்தலே பெரிய வேடிக்கை. குலுக்கல், தேர்வு, மறுபடி குலுக்கல் என்று பல சுற்று போய், கடைசியில் 41 பேர் உட்கார்ந்து, 25 ஓட்டு விழுந்தால்தான் முடிவு. முடிவு நமக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. ரியால்டோவில் உங்கள் ஆள் தவறான பெயர்மேல் பணம் கட்டி அழியலாம்.

சின்ன மனிதர்களின் வாழ்க்கை முழுக்க உங்கள் கையில். அங்கே வரலாறு உங்களைத் தடுக்காது.

கொள்ளைநோய்ப் பகுதி எப்படி நடக்கும்? நாமே ஒரு தொற்றுக் காலத்தைக் கடந்தவர்கள், தாங்க முடியுமா?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதும்கூட. விருப்பம் இல்லாதவர்களின் பாத்திரத்தை 1576 வசந்தத்திலேயே பெருநிலத்துக்கு அனுப்பி வைத்துவிடுவோம். வசதியுள்ள குடும்பங்கள் அப்படித்தான் கிளம்பிப் போயின. அடுத்த ஆண்டு திரும்பி வரலாம். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

இருப்பவர்களுக்கு நடந்தது இது. நோய் 1575 கோடையில் நுழைந்தது, குளிரில் அடங்கியதுபோல் இருந்தது, 1576-இல் மறுபடி கிளம்பியது. வெனிஸில் சுகாதார அதிகாரிகள் 1480-களிலிருந்தே நிரந்தரமாக இருந்தார்கள். நோயாளிகளுக்கு ஒரு தீவு, 1423-இலிருந்து. சந்தேகத்துக்குரியவர்களைத் தனியே வைக்க இன்னொரு தீவு, 1468-இலிருந்து. அந்தக் காலத்துக்கு இதைவிட ஏற்பாடுள்ள ஊரைக் காட்டுவது கடினம். ஆனால் 1576 ஜூனில் பாதுவா பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற பேராசிரியர்கள் மெர்குரியாலேயும் கப்போதிவாக்காவும் வரவழைக்கப்பட்டு, இது உண்மையான கொள்ளைநோய் இல்லை என்று டோஜே முன்னால் வாதிட்டார்கள். உள்ளூர் அதிகாரிகள் மறுத்தார்கள். பேராசிரியர்களின் பேச்சு எடுபட்டது. அவர்களும் உதவியாளர்களும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார்கள். கோடை முடிவதற்குள் பிணம் எடுக்க ஆள் போதவில்லை. தீவுகளில் இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் கடற்கழியில் படகுகளிலேயே கிடந்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 50,000 பேர் இறந்தார்கள், ஊரில் நான்கில் ஒருவருக்கும் மேல்.

அந்த ஜூன் வாதத்தை நாங்கள் ஒரு முழு அத்தியாயமாக ஆடுகிறோம். உங்கள் பாத்திரம் எந்தப் பக்கம்? கடை திறக்க வேண்டும், சம்பளம் வேண்டும், நோய் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பத்தான் தோன்றும். இந்த இடத்தில் பேராசிரியர்களை முட்டாள்களாக எழுதுவதை நான் ஏற்பதில்லை. அவர்கள் பயப்படாமல் நோயாளியின் படுக்கைக்கே போனவர்கள். தவறாகச் சொன்னார்கள், அதே தவறைத் தங்கள் உயிரை வைத்தே சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து எழுத முடிந்தால் அந்த அத்தியாயம் மறக்காது.

1576 செப்டம்பரில் செனட் ஒரு தேவாலயம் கட்ட நேர்ந்துகொண்டது. அதுதான் ஜூதெக்கா தீவில் பல்லாடியோ கட்டிய ரெதெந்தோரே. 1577 ஜூலையில் நோய் நீங்கியதாக அறிவித்து, படகுகளால் பாலம் கட்டி ஊர்வலம் போனார்கள். அந்தத் திருவிழா இன்றும் ஒவ்வொரு ஜூலையும் நடக்கிறது. ஊர்வலக் காட்சியில் ஒவ்வொரு பாத்திரமும் தன் பக்கத்தில் இல்லாதவர்களின் பெயரைச் சொல்வது எங்கள் வழக்கம்.

யூதர்கள், அடிமைகள், மத விசாரணை: இவற்றையெல்லாம் தொடலாமா?

தொட வேண்டும், மறைத்தால் அந்த ஊரே பொய்யாகிவிடும். 1516-இல் யூதர்களுக்கென்று கன்னரேஜியோவில் தனிக் குடியிருப்பு ஒதுக்கி, இரவில் கதவைப் பூட்டினார்கள். காவலாளிக்குச் சம்பளம் யூதர்களே தர வேண்டும். வெளியே வர அடையாளத் தொப்பி. இதை எழுதும்போது பூட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் முழு மனிதர்களாக, மருத்துவராக, அச்சக ஊழியராக, சண்டைபோடும் குடும்பமாக வர வேண்டும். பாத்திரத்தின் வெறுப்பு பாத்திரத்தோடு நிற்க வேண்டும். அதைச் சாக்காக வைத்து ஆடுபவர் தன் வெறுப்பைக் கொட்டினால் அன்றே வெளியேற்றுவோம். கப்பல் துடுப்பில் சங்கிலியால் கட்டப்பட்ட கைதிகளுக்கும் இதே விதி.

மத விசாரணை மன்றத்துக்கு வெரொனேசின் கதை நல்ல வழிகாட்டி. 1573 ஜூலையில் அவரைக் கூப்பிட்டு, இறுதி இராவுணவு ஓவியத்தில் கோமாளியும் நாயும் ஜெர்மன் சிப்பாயும் எதற்கு என்று கேட்டார்கள். சொந்தச் செலவில் திருத்தச் சொன்னார்கள். அவர் ஓவியத்தின் தலைப்பை மாற்றினார், விஷயம் அதோடு முடிந்தது. எல்லாருக்கும் அப்படி முடியவில்லை. மதத்துரோகத் தண்டனை இரவில், சத்தமில்லாமல், கழியில் மூழ்கடிப்பதாக இருந்தது.

காதல் காட்சி, வன்முறை?

18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே இந்தக் குழு. காதல் எழுதலாம், படுக்கையறைக் கதவு சாத்தியதும் காட்சி முடிய வேண்டும். பாலியல் வன்முறை எழுதவே கூடாது. சித்திரவதை கதையில் நடக்கலாம், விவரிக்கக் கூடாது. யாராவது ‘நிறுத்து’ என்றால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும், விளக்கம் கேட்கக் கூடாது.

இரண்டு பாத்திரங்கள் அடித்துக்கொண்டால் ஜெயிப்பது யார்?

ஆடுபவர்கள் பேசி முடிவு செய்ய வேண்டும், முடியாவிட்டால் கேம் மாஸ்டர் சொல்வது இறுதி. பெரிய அடிதடி வேண்டுமென்றால் பாலச் சண்டைக்கு வாருங்கள். செப்டம்பர் முதல் கிறிஸ்துமஸ் வரை ஊரின் இரண்டு கட்சிகள், ஆர்செனல் பக்கத்து கஸ்டெல்லானியும் மீனவர்களின் நிக்கொலொத்தியும், பாலத்தின் உச்சியைப் பிடிக்க மோதுவார்கள். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தோற்றவர் கால்வாயில் விழுவார். பிரபுக்கள் மேலே சன்னலில் நின்று பார்ப்பார்கள். சின்னவர் பெரியவரை வெல்லக்கூடிய இடம் என்பதால் எல்லாருக்கும் பிடித்த அத்தியாயம் இது.

நிஜத்தில் ஆடுபவர்களுக்குள் மனக்கசப்பு வந்தால் அதைக் கதைக்குள் தீர்த்துக்கொள்ள முயலாதீர்கள். எழுதுவதை நிறுத்தி, சொந்தப் பெயரில் பேசுங்கள்.

என் பாத்திரத்தைக் கொன்றுவிடுவீர்களா?

உங்கள் சம்மதம் இல்லாமல் மாட்டோம். ஆனால் கொள்ளைநோய் அத்தியாயத்தில் தாமாக முன்வந்து தம் பாத்திரத்தை முடித்துக்கொள்பவர்கள் எப்போதும் உண்டு. அப்படி முடிப்பவர்கள், அந்தப் பாத்திரத்தின் உயிலையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கடன் யாருக்கு, வாளி யாருக்கு, சொல்லாமல் விட்டது என்ன என்று. அதை வைத்து மற்றவர்கள் தொடர்வார்கள். அவர் புதிய பாத்திரத்தோடு மறுநாளே திரும்பலாம்.

சரி, எப்படித் தொடங்குவது?

ஐந்து விஷயங்களை எழுதி அனுப்புங்கள். பெயர், தொழில். எந்தத் தேவாலயத்துத் தெரு. யாரிடம் கடன் பட்டிருக்கிறீர்கள், அல்லது யார் உங்களிடம் பட்டிருக்கிறார்கள். உங்கள் பாத்திரம் வெளியே தெரியக்கூடாது என்று நினைக்கும் ஒரு விஷயம். கடைசியாக, மே 11 அன்று அரண்மனையிலிருந்து புகை எழும்போது அவர் எங்கே நிற்கிறார், கையில் என்ன இருக்கிறது. ஐந்தாவதை ஒரு பத்தியாக எழுதினால் அதுவே உங்கள் முதல் பதிவு.